உங்களுக்குத் தெரியுமா? கொழுப்பு குறைந்தாலும் வளைவு நிற்கும்

எடையைக் குறைத்தால் உடம்பின் வளைவும் போய்விடுமோ என்று பல பெண்கள் பயப்படுகிறார்கள். ஆனால் வயிற்றுக் கொழுப்பும் தொடைக் கொழுப்பும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. குடலைச் சுற்றிச் சேர்வது சீக்கிரம் கரையும். தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் இருப்பதை ஈஸ்ட்ரோஜன் பிடித்து வைத்திருக்கிறது. அது லேசில் இளகாது. அதில் கெடுதலும் குறைவு. நீரிழிவு போன்ற கோளாறுகள் மேலுடல் பருமனோடுதான் அதிகம் சேர்ந்து வருகின்றன என்று பிரான்சின் மார்சேய் நகர மருத்துவர் ழான் வாக் 1947-லேயே எழுதினார். தொடை பருத்திருக்கிறதே என்று வருந்தும் பெண்களிடம் இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்!

வளைவைக் கெடுப்பது பட்டினிதான். சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. பின்புறத்துக்கு வடிவம் தருவதில் பெரும்பங்கு உடலின் மிகப் பெரிய தசையான குளூட்டியஸ் மாக்சிமஸுக்கு உண்டு. ஸ்க்வாட், எடை தூக்கும் பயிற்சிகள் அதைக் காப்பாற்றும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்). முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் எல்லாம் கணக்கில் சேரும். வாரம் அரைக் கிலோ குறைந்தால் போதும்.

வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்காது. எடை மெஷினைவிட இஞ்ச் டேப்பை நம்புங்கள்: இந்தியப் பெண்களுக்கு இடைச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.