புகை வடிகட்டியைக் களைதல் தகுமோ?

டீசல் மோட்டார் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகளைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றுண்டு. அதன் நுண்ணறைகளில் தங்கும் கரி, ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் எரிந்தொழியும். நெடுவழி செல்லும் வண்டியில் இது தானே நிகழும். கடைவீதிக்கும் வீட்டிற்குமே ஓடும் வண்டியிலோ வெப்பம் போதாமல் வடிகட்டி அடைபடும். புதியதன் விலை கேட்டு மலைத்த இங்கிலாந்து நாட்டார் சிலர் அதனை அடியோடு களைந்தனர். வண்டி முன்னினும் விரைந்தோடிற்றென்பர்! 2014 பிப்ரவரி முதல், இருந்த வடிகட்டியைக் களைந்த வண்டி அங்கே ஆண்டுச் சோதனையில் தேறாது. அதற்கும் வழி கண்டனர்: உறையை விட்டு உள்ளீட்டை மட்டும் அகற்றினர், கண்ணாற் காணும் சோதனைக்கு அது புலப்படவில்லை. சோதகரை ஏய்க்கலாம், பின்னே நடந்து வரும் சிறுவனின் நுரையீரலை ஏய்க்கலாகுமோ? டீசல் புகை புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக்கழகம் 2012இல் துணிந்துரைத்தது. அடைப்புக்கு அஞ்சுவோர் அடிக்கடி நெடுஞ்சாலையிற் சிறிது தூரம் ஓட்டுக; நகருக்குள்ளேயே உழல்வோர்க்குப் பெட்ரோல் வண்டியே ஏற்றதென்பது எம் கருத்து.