தோட்பட்டை வலியும் கைமுறைச் சிகிச்சையும்

எருது நொண்டினால் அன்றைக்கே மாட்டு வைத்தியரிடம் ஓட்டிச் செல்லும் குடியானவர், தமது கை தலைக்குமேல் எழாமற்போய் மூன்று மாதமான பின்பும் எண்ணெய் தடவினாற் சரியாகிவிடும் என்றிருப்பது வழக்கமாயிருக்கிறது. கள்ளக்குறிச்சி ஜில்லாவில் தோளை வருத்தாத விவசாய வேலை அபூர்வம். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆகிய ஊர்களிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குச் செல்லும் கரும்பு, பெரும்பாலும் ஒருவருடைய தலையிலோ தோளிலோ ஏறியே வண்டியை அடைகிறது. கல்வராயன் மலையிலோ மரவள்ளி பிடுங்குதலும், புளி உலுக்குதலும், கடுக்காய் சேர்த்துச் சுமத்தலும் அதே மூட்டின்மேல்தான் விழுகின்றன.

இடுப்பு மூட்டு, ஆட்டுக்கல்லின் குழியில் குழவி நிற்பதுபோல ஆழமாகப் பொருந்தியிருப்பது. தோள் மூட்டோ சிறு தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழத்தை ஒத்தது. அதனை நழுவாமற் காப்பவை சுற்றிலுமுள்ள நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களுமேயாம். கையை உயர்த்தியே வேலை செய்வதால் இந்நாண்கள் நைந்து வலிப்பது ஒருவகை. இதில் தாமே கையைத் தூக்கினால் வலிக்கும். பிறர் தாங்கித் தூக்கினாற் பெரும்பாலும் எழும்.

மற்றொரு வகைக்கு 'உறைந்த தோள்' என்று 1934-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகர மருத்துவர் காட்மன் என்பவர். மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்குவதே இதன் இயல்பு. நாற்பது முதல் அறுபது வயதுள்ளோர்க்கும், அவர்களுள்ளும் நீரிழிவு உடையோர்க்கும் இது அதிகம். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்புறமாகப் பிறர் திருப்பினாலும் திரும்பாதாயின் இவ்வகையென்றே ஐயுறலாம். முதலில் இராத் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, பின்பு இறுக்கம், அதன்பின் மெல்ல மெல்லத் தளர்ச்சி என ஒன்று முதல் மூன்று வருஷம்வரை இது நீடிக்கக்கூடும்.

மருந்தின்றிக் கையால் செய்யும் சிகிச்சை இந்நாட்டிற்குப் புதிதன்று. சித்த வைத்தியத்தில் தொக்கணம் எனப்படுவது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகைப்படும். இக்காலத்து இயன்முறை மருத்துவரும் மூட்டெலும்பைக் கையாற் பற்றி மெல்ல நழுவச் செய்து, இறுகிய தசையை நீட்டிவிடுகிறார். இவற்றால் வலி சில நாட்களுக்குத் தணியும்; கை சிறிது இலேசாகும். அந்த இடைவெளியில் நோயாளி தாமே பயிற்சி செய்தாலன்றி வலி திரும்பிவிடும். வாரந்தோறும் பிடித்துவிடச் சொல்லிப் பணம் கொடுத்துவிட்டு வீட்டிற் கையை மடியில் வைத்திருப்பவர்க்கு, அப்பணம் பெரிதும் வீணே. 2020-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியில் உறைந்த தோளுடைய 503 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மூட்டில் ஓர் ஊசியுடன் முறையான இயன்முறைப் பயிற்சி அளித்தார்கள். மற்றையோர்க்கு மயக்க மருந்தின் கீழ் மூட்டைத் திருப்புதலோ அறுவையோ செய்யப்பட்டது. ஓராண்டு கழிந்தபோது மூன்று பிரிவாருள்ளும் குறிப்பிடத்தக்க ஏற்றத்தாழ்வு காணப்படவில்லை.

பயிற்சிக்குச் செலவில்லை. நல்ல கையால் திண்ணையைப் பிடித்துக் குனிந்து, நோயுற்ற கையைக் கிணற்றுக் கயிறுபோலத் தொங்கவிட்டு, உடம்பின் அசைவினால் முன்னும் பின்னும், பின்பு வட்டமாகவும் ஆடவிடல் வேண்டும். இதுவும் காட்மன் பெயரால் வழங்குவதே. அடுத்து, சுவரை நோக்கி நின்று விரல்களால் மேலே ஊர்ந்து சென்று, எட்டிய இடத்திற் கரிக்கோடு இட்டு வைக்கலாம். கோடு வாரவாரம் உயர்வதைக் காண்பது, வைத்தியர் தரும் எந்த உறுதியினும் மனத்திற்குத் தெம்பளிக்கும். துண்டை முதுகுக்குப் பின்னே இரு கையாலும் பற்றி மேலும் கீழும் இழுத்தலும் நன்று. தொடங்குமுன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். நீரிழிவினால் தொடுவுணர்ச்சி குன்றியோர் சூட்டைப் பிறரைக் கொண்டு பார்த்துக்கொள்க. நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை, சில நிமிஷம் போதும். செய்தபின் அன்றிரவு வலி மிகுமாயின் அளவு அதிகமென்று குறைத்துக்கொள்ள வேண்டும்.

உறைந்த தோளைப் பலாத்காரமாக முறுக்கி ஒரே அமர்வில் விடுவிப்பதாகச் சொல்லுவோர் சிலர் உண்டு. அவர்களிடம் தோளைக் கொடுப்பது புத்தியன்று. நாண் அறுவதும், எலும்பு முறிவதும் உண்டு. கீழே விழுந்து தோள் நழுவினால் அதனை இழுக்கவே கூடாது. நரம்பும் இரத்தக்குழாயும் சேதமடையலாம். கையைத் துணியால் கட்டித் தாங்கி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முறை. இடது தோள் வலியோடு மார்பு இறுகி வியர்த்தால் அது தோளின் நோயாக இராது, இருதய நோயாகலாம். ஒரு கணமும் தாமதிக்கலாகாது. காய்ச்சலுடன் மூட்டு சிவந்து வீங்கினாலும், கை மரத்துப் பலமிழந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் தைலத்தை நம்பியிருத்தல் தகாது.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையை இல்லம் தேடி அளிக்கவும் ஏற்பாடு உண்டு. சிறுவங்கூரில் அரசினர் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள குக்கிராமங்களினின்று கீழே இறங்கி வருவது ஒருநாட் கூலியை இழப்பதாகும். ஆதலின் கிராம உத்தியோகஸ்தர்கள், கை எழாதவர்களின் பெயரைச் சுகாதாரப் பணியாளர்க்குத் தெரிவித்து, அப்போதே இரத்தத்திற் சர்க்கரையையும் பார்க்கச் செய்வது உபகாரமாகும். நிலமுடையோரும், தோள் நொந்த ஆளுக்குச் சில வாரம் சுமையும் தெளிப்பானும் ஒழித்து, மடை திருப்புதல், விதை பொறுக்குதல் போன்ற வேலையைக் கூலி குறைக்காமற் கொடுக்கலாம்.