மழையில் சைக்கிள் ரேஸ்: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி

வெயில் தணிந்தால்தான் நம் ஊரில் நூறு கிலோமீட்டர் மூச்சுப் பிடித்து மிதிக்க முடியும். வெயில் தணிகிற அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில்தான் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி கொட்டித் தீர்க்கிறது. ஆகவே இந்த மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ரேஸுக்குப் பணம் கட்டுகிற யாரும் மழைக்கும் சேர்த்துத்தான் பெயர் கொடுக்கிறார். பதிவுப் படிவத்தில் டி-ஷர்ட் அளவு கேட்பார்கள், ரத்த வகை கேட்பார்கள். மழை பெய்தால் ரேஸ் நடக்குமா, நடக்காதா, அதை முடிவு செய்வது யார் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும், அதுவும் பணம் கட்டுவதற்கு முன்பே.

மழைக்குப் பயப்படுவது கத்துக்குட்டிகளின் குணம் என்று ஒரு நினைப்பு நம் சைக்கிள் குழுக்களில் உண்டு. 2020 ஆகஸ்ட் 29 அன்று பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்ததை அப்படி நினைப்பவர்களுக்குச் சொல்லலாம். டூர் டி பிரான்ஸின் முதல் நாள். கோடையில் காய்ந்து கிடந்த சாலையில் மழை விழுந்ததும் உலகின் தலைசிறந்த வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சறுக்கி விழுந்தார்கள். ஜெர்மனியின் டோனி மார்ட்டின் கூட்டத்தின் முன்னால் வந்து, கைகளை விரித்துக் காட்டி வேகத்தைக் குறைக்கச் சொன்னார். கூட்டம் கேட்டது. ஓர் அணி மட்டும் இறக்கத்தில் வேகமெடுத்துப் பார்த்தது. அந்த அணியின் முன்னணி வீரர் மிகேல் ஆங்கல் லோபஸ் பிடி தவறி, சாலையோரப் பலகையில் போய் மோதினார். கடைசியில், வெற்றிக் கோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் முன்பே ஒட்டுமொத்தப் போட்டிக்கான நேரத்தைக் கணக்கெடுத்துக்கொள்வது என்று அமைப்பாளர்கள் முடிவெடுத்தார்கள். சம்பளம் வாங்கி ஓட்டுகிறவர்களே அன்று வேகத்தைக் குறைத்தார்கள். திங்கட்கிழமை காலை ஆபீஸ் போக வேண்டிய நமக்கு அதற்கு மேல் என்ன கௌரவக் குறைச்சல்?

நீஸில் நடந்ததன் காரணம் நம் சாலைகளுக்கும் பொருந்தும். மழையிலும் ஆபத்து அதிகம் முதல் அரை மணி நேரத்தில்தான். பல நாள் படிந்த எண்ணெய்க் கசிவு, டயர் தேய்ந்து விழுந்த ரப்பர்த் தூள், மண் எல்லாம் தூறலில் குழைந்து ஒரு வழுவழுப்பான படலமாகிவிடும். நன்றாகக் கொட்டினால் அது கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் அடைமழையைவிட லேசான தூறலே சில நேரம் மோசம். பேருந்து நிறுத்தம், பெட்ரோல் பங்க் வாசல், லாரிகள் நின்று கிளம்பும் சிக்னல் ஆகிய இடங்களில் டீசல் சொட்டியிருக்கும். ஈரத்தில் அது வானவில் நிறத்தில் மின்னும். அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், விலகிப் போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதோடு காற்று கொண்டுவந்து சேர்க்கும் மணலும் உண்டு.

ஒரு இடது திருப்பத்தை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். திருப்பத்துக்கு முன் தடித்த வெள்ளைப் பெயின்ட்டில் பாதசாரிக் கோடுகள், நடுவில் ஒரு பாதாளச் சாக்கடை மூடி, ஓரத்தில் தேங்கிய தண்ணீர். காய்ந்த சாலையில் இவற்றின் மேல் சாய்ந்தபடியே போய்விடலாம். நனைந்த பிறகு பெயின்ட்டும் இரும்பும் பிடிமானமே தராது. அவற்றின் மேல் சைக்கிள் நிமிர்ந்து நேராகப் போக வேண்டும், பிரேக்கைத் தொடக்கூடாது. வேகத்தைக் குறைக்கிற வேலை முழுவதும் அந்தக் கோடுகளுக்கு முன்பே, சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். திரும்பும்போது வெளிப்பக்கப் பெடல் கீழே, உடம்பின் பாரம் அதன் மேல். தேங்கிய தண்ணீருக்குள் குழி இருக்கிறதா, ஜல்லி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் சக்கரத்தை விடாமல் இருப்பதே உத்தமம். பாலங்களின் இரும்பு இணைப்புப் பட்டைகளையும் ரயில்வே தண்டவாளத்தையும் நேர் குறுக்காக மட்டுமே கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் தண்டவாளத்தோடு ஓடிவிடும்.

ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் பிரேக்கை அழுத்தியதும் முதலில் நடப்பது ரிம்மில் படிந்த தண்ணீரைக் கட்டை துடைத்தெடுப்பதுதான். அதன் பிறகே பிரேக் பிடிக்கும். அந்த ஒரு கணத்தில் சைக்கிள் பல மீட்டர் போயிருக்கும். எனவே தேவைப்படுவதற்கு முன்பே லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தாமதம் மிகக் குறைவு. ஆனால் பிரேக் நன்றாகப் பிடிப்பதால் மட்டும் சைக்கிள் நின்றுவிடாது. டயர் சாலையைப் பிடித்தால்தான் நிற்கும். டயரில் காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், ஐந்து முதல் பத்து பி.எஸ்.ஐ. வரை குறைத்தால் போதும். பூப்போட்ட டயர் போட்டால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் என்று கடைக்காரர் சொன்னால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். காரைப்போல் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதப்பதற்கு ரோடு சைக்கிளின் டயர் மிகக் குறுகியது. பிடிமானத்தைத் தீர்மானிப்பது ரப்பரின் தரமும் காற்றழுத்தமும்தான்.

முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டுவது ரேஸின் பாதி சூட்சுமம். மழையில் அந்தச் சக்கரம் சேற்றை நேராக உங்கள் கண்ணில் வீசும், நீங்கள் நிற்கத் தேவையான தூரமும் கூடிவிடும். இடைவெளியை அதிகமாக்குங்கள். பின்விளக்கைப் பகலிலும் எரிய விடுங்கள்.

இடி வேறு விஷயம். அதில் திறமைக்கு வேலையே இல்லை. மின்னலைப் பார்த்து முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் வெளியே வரக்கூடாது என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. மரத்தடி ஒதுங்கும் இடம் அல்ல. உப்பளமும் வயலும் இருபுறமும் விரிந்த திறந்த சாலையில் இருநூறு பேரை ஓடவிட்டுக்கொண்டு இந்த விதியைக் கடைப்பிடிக்க ஓர் அமைப்பாளரிடம் வண்டியும் ஆளும் இடமும் இருக்கின்றனவா? இதையும் கேட்டு வையுங்கள்.

இனி அந்தக் கையெழுத்துக்கு வருவோம். “எனக்கு என்ன நேர்ந்தாலும் அமைப்பாளர்கள் பொறுப்பல்ல” என்று ஒரு உறுதிமொழி. பெரும்பாலோர் படிக்காமலே டிக் அடிப்பார்கள். அடிபட்ட பிறகு, “அதான் கையெழுத்துப் போட்டுவிட்டோமே” என்று சும்மா இருந்துவிடுவார்கள். அப்படி இருக்கத் தேவையில்லை. விளையாட்டுக்கே உரிய ஆபத்துகளை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக மட்டுமே அந்தக் கையெழுத்தைக் கொள்ள முடியும். திருப்பத்தில் நீங்களே சறுக்கினால் அது உங்கள் பாடு. வாகனங்களை நிறுத்த ஆள் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போடாமல் விட்டது, ஆம்புலன்ஸ் இருக்கும் என்று விளம்பரப்படுத்திவிட்டு ஏற்பாடு செய்யாதது, வெள்ளம் ஓடும் தாழ்பாலத்தின் மேல் ரேஸை அனுப்பியது ஆகியவை விளையாட்டின் ஆபத்தில் சேராது. அவை கவனக்குறைவு. அமைப்பாளரின் கவனக்குறைவை முன்கூட்டியே மன்னித்துவிட்டதாக ஒரு டிக் குறியை வைத்து வாதாடினாலும், அதை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை. 18 வயது நிறையாத பிள்ளையின் விஷயத்தில் இன்னும் தெளிவு. அந்தப் பிள்ளை போடும் ஒப்பந்தமே சட்டப்படி செல்லாது.

கட்டணம் வாங்கிக்கொண்டு ரேஸ் நடத்துவது ஒரு சேவை. பணம் கட்டிய நீங்கள் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர். சொன்ன வசதியைச் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். ரேஸ் எந்த ஊரில் நடந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே கொடுக்க முடியும். கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நம் ஊர் ரேஸ்களின் நுழைவுக் கட்டணம் அந்த அளவை எட்டாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்ப்பது நல்லது, பல சண்டைகள் அங்கேயே முடிந்துவிடும். நுகர்வோருக்குப் பெரும் பாதகமாக ஒருதலைப்பட்சமாக எழுதப்பட்ட ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்கவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். நண்பர்கள் குழு இலவசமாக நடத்தும் ஞாயிறு ஓட்டத்துக்கு இதெல்லாம் பொருந்தாது. பணம் கைமாறாத இடத்தில் நுகர்வோர் இல்லை.

மழையால் ரேஸ் ரத்தானால் பணம் திரும்புமா? அது விதிமுறைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தப் பக்கத்தைப் பணம் கட்டிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அது மாறிவிடக்கூடும்.

காப்பீட்டில் பலருக்கு ஒரு தவறான பயம் உண்டு. ரேஸில் அடிபட்டேன் என்று சொன்னால் க்ளெய்ம் நிராகரிக்கப்படும் என்று, வீட்டு வாசலில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுகிறார்கள். அது வீண் வம்பு. மருத்துவக் காப்பீட்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்கு, அபாயகரமான அல்லது சாகச விளையாட்டில் தொழில்முறை வீரராகப் பங்கேற்றவருக்குத்தான். அமெச்சூருக்கு அது பொருந்தாது. தனிநபர் விபத்துக் காப்பீட்டின் விதிகள் வேறு. ரேஸையே விலக்கும் பாலிசிகள் உண்டு, அதைத் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும். உண்மையைச் சொல்லி ஆஸ்பத்திரியில் வாங்கிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பிதான் பிற்பாடு உங்களைக் காப்பாற்றும். பொய் சொல்லி வாங்கினால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

விழுந்துவிட்டால்? தலை இடித்தவர் எழுந்து நின்று “ஒன்றுமில்லை” என்றாலும் மறுபடி சைக்கிளில் ஏற்றாதீர்கள். மூளை அதிர்ச்சியின் அடையாளங்கள் சற்று நேரம் கழித்துத் தெரிவதுண்டு. ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் அதன் ஆயுள் அன்றோடு முடிந்தது. சாலைத் தண்ணீர் பட்ட சிராய்ப்பைச் சுத்தமான நீரில் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் கடும் காய்ச்சலும் தசை வலியும் வந்தால், தேங்கிய மழைநீரில் விழுந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அப்படியும் வரும்.

மோட்டார் வாகனம் மோதியிருந்தால் கதை வேறு. 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டின் எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் அது உண்டு. உதவ வரும் வழிப்போக்கரை போலீஸ் அலைக்கழிக்கும் என்ற பயம் இனி வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது, பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. பிறகு எஃப்.ஐ.ஆர். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பினால் எஃப்.ஐ.ஆர். போடும்வரை விடாதீர்கள், ஏனென்றால் இழப்பீட்டு வழக்குக்கு அடிப்படை அதுதான். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் திருத்தம். மோதிவிட்டு ஓடிய வண்டி அகப்படாவிட்டாலும் கையை விரித்துவிட வேண்டியதில்லை. அடையாளம் தெரியாத வாகனத்தால் கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாயும், இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் 2022ஆம் ஆண்டுத் திட்டப்படி கிடைக்கும். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-இல் பேசலாம்.

இவ்வளவும் விழுந்த பிறகு. விழுவதற்கு முன், பதிவு செய்யும் நாளன்று அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாட்ஸ்அப் போதாது: வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்தால் ரேஸ் உண்டா? நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? தூரத்தைக் குறைத்தால் முன்கூட்டியே எப்போது சொல்வீர்கள்? ஆம்புலன்ஸ் எத்தனை, எங்கே நிற்கும்? பங்கேற்பாளர்களுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? பதில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால் அந்த ரேஸுக்குப் பணம் கட்டாதீர்கள்.