கரிசல் மண்ணில் கஸ்டம் ரூம்

ராத்திரி சாப்பாடு முடிகிற நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழும்: ரூம் ஐடி, பாஸ்வேர்டு, ஸ்லாட் எண். போன் விளையாட்டான பிஜிஎம்ஐ ஆடும் பையன்கள் இதை ‘கஸ்டம்’ என்பார்கள். அணிக்கு நாலு பேர், மொத்தம் பதினாறு அணி. சொன்ன நேரத்துக்கு உள்ளே வராத அணியின் இடம் வெளியே காத்திருக்கும் அணிக்குப் போய்விடும். ஆட்டம் முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து, எந்த அணி எத்தனையாவது இடம், எத்தனை கில் என்று கூட்டிப் புள்ளிப் பட்டியல் போட ஒருவர் இருப்பார். சம்பளம் கிடையாது. ‘ஹேக்’ வைத்து ஆடியது யார், ஆள் மாற்றி இறக்கியது யார் என்கிற பஞ்சாயத்தும் அவர் தலையில்தான். ஈஸ்போர்ட்ஸ் தொழிலைப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கிருஷ்ணா நகர் செயற்கைப் புல்தரை மைதானத்தில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்திய ஹாக்கி நடக்கும் ஊர் அது. ஆட்டம் தெரிந்த கூட்டம் இருந்தால்தான் கோப்பைக்குப் புரவலர் வருவார், வெளியூர் அணிகள் வரும். ஈஸ்போர்ட்ஸ் பிழைப்பதும் அப்படித்தான். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் டிக்கெட் வாங்குவதில்லை, யூடியூபில் இலவசமாகப் பார்க்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட நிறுவனங்கள் விளம்பரப் பணம் தருகின்றன.

சென்னையிலிருந்து இயங்கும் ஸ்கைஈஸ்போர்ட்ஸ் இந்தக் கூட்டத்தின் மனசைப் பிடித்த நிறுவனம். நிறுவனர் சிவ நந்தி. 2021இல் வேலரன்ட் விளையாட்டுக்கு அது நடத்திய லீக்கில் அணிகளுக்கு நகரங்களின் பெயர். நம்மூருக்கு ‘சென்னை கிளட்சர்ஸ்’. ஆட்டங்களைத் தமிழிலும் வர்ணித்தார்கள். பிஜிஎம்ஐ ஆட்டத்தில் “சோன் சுருங்குது, காம்பவுண்ட விட்டு இப்பவே ரொட்டேட் ஆகணும்” என்கிற மாதிரியான பேச்சு, கூடவே கிடந்து ஆடியவருக்குத்தான் வாயில் வரும். அதே ஆண்டு ஜெட்சிந்தசிஸ் நிறுவனம் ஸ்கைஈஸ்போர்ட்ஸின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது.

ஹாக்கிக்கு முதலாளி கிடையாது. பிஜிஎம்ஐக்கு உண்டு: தென் கொரியாவின் கிராஃப்டான். போட்டி நடத்த அவர்கள் அனுமதி வேண்டும், அவர்கள் தலைக்கு மேல் அரசும் இருக்கிறது. பப்ஜி மொபைலுக்கு 2020 செப்டம்பர் 2ஆம் தேதி தடை வந்தது. மறு ஆண்டு ஜூலையில் அதற்குப் பதிலாகப் பிஜிஎம்ஐ வந்தது. 2022 ஜூலை 28 அன்று அதுவும் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதக் கடைசியில்தான் திரும்பியது. ஆட்டத்தையே பிழைப்பாக நம்பிய இளைஞர்களுக்கு அந்தப் பத்து மாதம் எப்படிக் கழிந்திருக்கும்!

பிள்ளை போனில் ஆடினால் ரம்மியோ என்று பயப்படும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களைத் தடை செய்து, ஈஸ்போர்ட்ஸைத் தனியே அங்கீகரிக்கிறது. போட்டியில் சேரவும் நிர்வாகச் செலவுக்கும் நுழைவுக் கட்டணம் வாங்கலாம், பந்தயம் கட்டக் கூடாது. பையன் எங்கே பணம் கட்டுகிறான் என்று கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஆனால் பிழைப்புக்கான பாதுகாப்பு வேறு விஷயம். கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே அரசு விளையாட்டு விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தியும் 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்திய அணிக்கு ஆடி வெண்கலத்தோடு வந்தார்கள். ஹாக்கிக்காரருக்கு விடுதி, பயிற்சியாளர், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை என்று ஏணி இருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ஈஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின்கீழ் கொண்டுவந்தபோதும் அப்படியோர் ஏணி கூடவே வந்துவிடவில்லை.

ஆகவே ஆடுவதோடு நிற்காமல், போட்டியை நடத்தும் வேலைகளையும் பழகுவது நல்லது. காஸ்டர் எனப்படும் வர்ணனையாளர், வீடியோ எடிட்டர், அணி மேலாளர் எல்லோருக்கும் தேவை இருக்கிறது. முக்கியமாக அப்சர்வர். அறுபத்து நாலு பேர் ஒரே நேரத்தில் ஆடும்போது, அடுத்த சண்டை எங்கே வெடிக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த ஆளின் திரையைப் பார்வையாளருக்குக் காட்டுவது அவர் வேலை.