கதிரும் நுரையீரலும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கதிர்வீச்சுச் சிகிச்சையை எங்கள் பக்கத்தில் 'கரண்ட் வைப்பது' என்றே சொல்வார்கள். என் அத்தைக்கும் மார்பகப் புற்றுநோய்க்காகக் கரண்ட் வைத்தார்கள். முடிந்து இரண்டு மாதம் கழித்து வறட்டு இருமல் வந்தது. வரப்பில் பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. "பனியில நனைஞ்சதுதான்" என்று கஷாயமும் கடை மாத்திரையும் கொடுத்துக் காலம் கடத்தினோம். அந்த அறியாமையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனை, அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட்-60 கருவியை நிறுவியது. அக்கருவியின் காமாக் கதிரானாலும், இன்றைய இயந்திரங்களின் எக்ஸ் கதிரானாலும், மார்பிலுள்ள கட்டியைத் தாக்கும்போது நுரையீரலையும் தொட்டுவிடுகிறது. காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டாமல் காக்கும் பொருளைச் சுரக்கும் செல்கள் சிதைகின்றன, நுண்குழாய்கள் கசிகின்றன. இந்த அழற்சி உடனே தெரியாது. பெரும்பாலும் 1 முதல் 6 மாதங்களுக்குள் தலைகாட்டும். அந்த இடைவெளிதான் நம்மை ஏமாற்றுகிறது. சிலருக்குப் பின்னாளில் அவ்விடம் தழும்பாக இறுகிவிடும். தழும்பை மறுபடி நுரையீரலாக்க மருந்தில்லை.

ஆகவே தடுப்பதே முதல் வேலை. அது இயற்பியலாரின் வேலையும்கூட (நமக்குச் சற்றுப் பெருமைதான்!). ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே. நுரையீரல் புற்றுக்குச் சிகிச்சை தரும்போது, 20 கிரேயும் அதற்கு மேலும் பெறும் பகுதி மொத்த நுரையீரலில் ஏறத்தாழ 30–35 விழுக்காட்டைத் தாண்டாதபடி, ஸ்கேன் படத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரையும் வளைத்து ஒடுக்குகிறார்கள்.

வந்துவிட்டால்? முதலில் காசநோயோ வேறு தொற்றோ அன்று என்று உறுதி செய்ய வேண்டும். கதிர் வைத்ததை நாமே டாக்டரிடம் சொல்லிப் பழைய சீட்டைக் காட்டுவது அவசியம். எக்ஸ்ரேயில் நிழலின் விளிம்பு, கதிர் பாய்ந்த எல்லையை ஒட்டி, அடிக்கோல் வைத்துக் கோடிட்டாற்போல் நிற்பதுண்டு. தொல்லை மிகுந்தால் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை தருகிறார்கள். மூச்சுத் திணறினால் ஆக்சிஜன். மாத்திரையைப் பல வாரங்களில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் அழற்சி திரும்பிவிடும்.

அத்தை அப்படித்தான் செய்தார்கள். இருமல் நின்றதும் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். பத்து நாளில் பழைய மூச்சுத் திணறல். அவர்களுக்கு எழுத்து தெரியாது. இரண்டாம் முறை, நாட்காட்டித் தாள் ஒவ்வொன்றிலும் அன்றைக்கு எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி வைத்துக் கொடுத்தேன். கடைசிப் புள்ளி வரை சாப்பிட்டார்கள்.