மானம் காத்த இரவு

குர்கானில் கவிழ்ந்த மெட்டாலிகா கச்சேரி இரண்டே நாளில் பெங்களூரில் நடந்தேறியது. நாட்டின் ராக் தலைநகர் என்ற பெருமைக்கு அது ஒரு பரீட்சை.

அக்டோபர் 28, 2011. தில்லியை ஒட்டிய குர்கானின் லெஷர் வேலி மைதானம். அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகா இந்தியாவில் முதன்முறையாக மேடையேற வேண்டிய மாலை. ஏறவில்லை. மேடைக்கு முன்னிருந்த தடுப்பு கூட்ட நெரிசலில் உடைந்தது. பாதுகாப்பு இல்லை என்று கச்சேரி தள்ளிவைக்கப்பட்டது. மணிக்கணக்கில் காத்திருந்தவர்களின் ஆத்திரம் மேடைமீது திரும்பியது. கருவிகள் நொறுங்கின. பிறகு கச்சேரி அடியோடு ரத்து. ஏற்பாட்டாளர்களில் சிலர் கைது.

அடுத்த முறை பெங்களூருக்கு. அக்டோபர் 30, ஞாயிறு, அரண்மனை மைதானம். அதே நாளில்தான் கிரேட்டர் நொய்டாவில் நாட்டின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். ராக் ரசிகர்களுக்கோ கவலை வேறு: இங்கேயும் தடுப்பு உடைந்தால்? 1981-ல் தொடங்கிய குழு இந்தியா வர 30 ஆண்டு ஆகியிருந்தது. இரண்டாவது கச்சேரியும் கெட்டால், பெரிய குழு எதுவும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்குமா என்பதுதான் கேள்வி.

பெங்களூருக்கு இந்த இசை நேற்று வந்ததல்ல. 1809-ல் ஆங்கிலேயர் அமைத்த கன்டோன்மென்டில் அதன் வேர் இருக்கிறது. சென்னை ராணுவத்தோடும் அதை அண்டிய தொழில்களோடும் வந்த தமிழர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் பக்கத்துப் பக்கத்தில் குடியேறிய பகுதி அது. ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், ஃபிரேசர் டவுன் என்று நீளும் தெருக்களில் கோயில் மேளமும் சர்ச் ஆர்கனும் ஒன்றாகக் காதில் விழும். இங்கே தமிழ்ப் பையன் தோளில் கிதார் தொங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த மண்ணில் இசைக்குழுக்கள் முளைத்தன. 1996-ல் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர், 1998-ல் க்ரிப்டோஸ். சுதந்திர தினத்தை ஒட்டி இலவசமாக நடந்த ஃப்ரீடம் ஜாம், பெயரில்லாத குழுக்களுக்கும் மேடை கொடுத்தது. 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் இந்தியாவில் முதலில் வாசித்தது இந்த ஊரில்தான், மழையோடு மழையாக. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டனும் அப்படியே. ஆனால் 2008-ல் மதுவிடுதிகளில் நேரடி இசைக்கும் நடனத்துக்கும் போலீஸ் கெடுபிடி வந்தது. இரவு 11.30-க்குக் கதவடைப்பு. உள்ளூர்க் கலைஞர்களின் பிழைப்பில் மண் விழுந்தது.

இந்தப் பின்னணியில்தான் அந்த ஞாயிறு மாலை முக்கியமாகிறது. ரயிலிலும் பஸ்ஸிலும் பிற ஊர்களிலிருந்து வந்திறங்கியவர்கள் கறுப்பு பனியன்களில் மைதானத்தை நிறைத்தார்கள். குர்கானில் ஏமாந்தவர்களும் அதில் உண்டு. ஸ்காட்லாந்தின் பிஃபி க்ளைரோ வாசித்த அதே மேடையில் பெங்களூரின் இன்னர் சாங்டமும் வாசித்தது. சில ஆண்டுகள் முன்புவரை கல்லூரி விழாப் போட்டிகளே கதி என்றிருந்த உள்ளூர் மெட்டலுக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் ஏது?

பிறகு ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், லார்ஸ் உல்ரிக், கிர்க் ஹாமெட், ராபர்ட் ட்ருஹீயோ நால்வரும் வந்தார்கள். ஒலிநாடாவில் பதிந்து கைமாற்றிக் கைமாற்றித் தேய்ந்த பாடல்களை ஒரு தலைமுறை அன்று நேரில் கேட்டது. மெட்டல் ரசிகன் என்றால் முரடன் என்று குர்கானுக்குப் பிறகு பேசியவர்களுக்கு, கூடவே பாடிய அந்தக் கூட்டம் பதில் சொன்னது. கச்சேரி கடைசிவரை நடந்தது.

அந்த ஒரு இரவால் ஊரின் கஷ்டங்கள் தீர்ந்துவிடவில்லை. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ம் ஆண்டு விதி அப்படியே இருக்கிறது. அரண்மனை நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள 1996-ல் வந்த சட்டம் கிளப்பிய வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2012 டிசம்பரில் கன்ஸ் அண்ட் ரோசஸ் வந்தபோது மேடை ஊருக்கு வெளியே போயிருந்தது. ஆனாலும் வெளிநாட்டுக் குழுக்களுக்குப் பயணப் பட்டியலில் பெங்களூரைச் சேர்க்கும் தைரியம் இருந்தது.

குர்கானில் நடந்தது கலவரம். பெங்களூரில் நடந்தது கச்சேரி மட்டுமே. அன்றைய தேதியில் அதுவே பெரிய செய்தி.