திறன்பேசி விற்பனை தேங்கியது ஏன்?

ஸ்மார்ட்போன் எனப்படும் திறன்பேசி உலகின் மூலைமுடுக்கெல்லாம் பரவிவிட்டது. ஆனால் அதன் விற்பனை தேங்கிவிட்டது என்றும் கேள்விப்படுகிறோம். இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாவது எப்படி?

முதலில் எண்களைப் பார்ப்போம். ஐபோன் 2007ஆம் ஆண்டிலும், முதல் ஆண்ட்ராய்டு தொலைபேசி 2008ஆம் ஆண்டிலும் கடைக்கு வந்தன. 2010இல் உலகெங்கும் விற்பனைக்கு அனுப்பப்பட்ட திறன்பேசிகள் ஏறத்தாழ 30 கோடி. 2013இல் 100 கோடி. 2016இல் 147 கோடி. அத்துடன் ஏற்றம் நின்றது. 2023இல் சுமார் 117 கோடியாக இறங்கி, 2024இல் 124 கோடியாகச் சற்றே உயர்ந்தது.

காரணத்தை உங்கள் வகுப்பிலேயே சோதித்து அறியலாம். 40 மாணவர்களுக்கு 1 முதல் 40 வரை எண் கொடுங்கள். அந்த எண்களைச் சீட்டுகளில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். ஒருவரிடம் மட்டும் திறன்பேசி இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும், திறன்பேசி உடையவர் ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடவேண்டும். அந்த எண்ணுக்குரியவர் இவரைப் பார்த்துத் தாமும் ஒன்று வாங்கிவிடுவார்!

தொடக்கத்தில் எண்ணிக்கை 1, 2, 4 என ஏறத்தாழ இரட்டிக்கும். பாதிப்பேரைத் தாண்டியதும், எடுக்கும் சீட்டுகளில் பல ஏற்கெனவே வாங்கியவர்களுடையதாகவே இருக்கும். ஆகவே புதியவர் வரவு குறையும், மொத்தமோ குறைவதில்லை. இதை வரைபடத்தாளில் குறித்தால், ஆங்கில எஸ் எழுத்தைச் சாய்த்து இழுத்தாற்போன்ற வளைவு கிடைக்கும். மக்கள்தொகைப் பெருக்கத்துக்கு இத்தகைய வளைவை 1838இல் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் வெருல்ஸ்ட் வகுத்தார்.

அப்படியானால் விற்பனை பூச்சியம் ஆகாதது ஏன்? பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவோர் இருப்பதால்தான். ஒரு சிறு கணக்குப் போடுவோம். 400 கோடிப் பேர் 3 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டு விற்பனை சுமார் 133 கோடி. 4 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் 100 கோடிதான். ஒருவர்கூடத் திறன்பேசியைக் கைவிடவில்லை. ஆனாலும் விற்பனை கால்பங்கு குறைந்துவிட்டது!

இது விற்பவருக்குக் கவலை, பூமிக்கோ ஆறுதல். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு சுமார் 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால்பங்குக்கும் குறைவு. கையிலுள்ள கருவியை இன்னும் ஓராண்டு பழுதின்றிப் பேணுவது எவ்வளவு பெரிய செயல் என்பதை மேலே போட்ட கணக்கே சொல்லிவிடுகிறது அல்லவா?